நோன்பு பிடிக்க ஏலாத மாப்பிள்ளைக்கு

மகன்,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு உம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நேரில் சொல்லத் தொடங்கினால் "ஓம் உம்மா, தெரியும் உம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ கடைக்குக் கிளம்பிவிடுவாய். நானும் பாதியில் அழுவேன், இல்லாவிட்டால் ஏசுவேன். இரண்டுக்கும் இப்போது எனக்குத் தெம்பில்லை. வெளியே உன் வாப்பா பந்தல் போடுகிறவர்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். உன் தங்கச்சி உன் கலியாண உடுப்பைத் திரும்பவும் அயன் பண்ணுகிறாள். நான் தலையிடி என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். அல்லாஹ் உன்னைக் காப்பாற்றிக்கொள்ளட்டும். கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிட்டேன்; முடிக்கும்போது கை ஓடுமோ தெரியாது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறவன். உன் வாப்பாவும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தார். நீ ஒருநாள் போவாய் என்று தெரிந்துதான் உன்னை வளர்த்தேன். ஆனால் உன்னுடைய பன்னிரண்டாவது வயதுக்குப் பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன். நீ உயிரோடு இருந்தால் போதும் என்று துஆக் கேட்டவளுக்கு, நீ மாப்பிள்ளைக் கோலத்தில் வாசலைத் தாண்டிப் போவாய் என்று நினைத்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. இப்போது ஓட்டமாவடியில் ஒரு வீட்டை உனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். ஏறாவூரில் பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் முடிய முன்னம் வந்துவிடுகிற ஊர்தான். இருந்தாலும் அந்த வீட்டில் நீ காலையில் எழும்பும்போது, மாத்திரையை விழுங்கினாயா என்று பார்க்க நான் இருக்கமாட்டேன்.

போன நோன்பு மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "உம்மா, எனக்கு இந்த வருத்தம் எப்பிடித் தொடங்கின?" என்று கேட்டாய். "இப்ப அத ஏன் கேக்கிறாய், படு" என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் பாதி உனக்கு ஞாபகம் இல்லை என்று எனக்குத் தெரியும். நோயும் வைத்தியமும் சேர்ந்து கொண்டுபோன ஞாபகம் அது. உன் உடம்பில் நடந்த கதையை நான் மட்டும் வைத்திருப்பது சரியில்லை. இனி அது உன்னிடம் இருக்கட்டும்.

தண்ணீரில்தான் தொடங்கியது மகன். கச்சான் காற்று வீசுகிற காலம், வாவிக் கரை மண்கூடக் காலைச் சுடும். எல்லாருக்கும்தான் தாகம். ஆனால் நீ குடிக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாய். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற போத்தல் முதல் பாடத்திலேயே முடிந்துவிடும். குளிர்பெட்டித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் உனக்குப் பிடிக்காது. குடித்த அளவுக்கு வெளியே போகும். விளையாட்டின் நடுவில் எழும்பி ஓடுவாய், ஓதுகிற இடத்திலும் ஓடுவாய். "உண்ட மகனுக்கு வயித்துக்குள்ள கிணறா புள்ள இரிக்கி?" என்று பக்கத்து வீட்டு ராத்தா கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சீனி வருத்தமோ என்று ஒருநாள் இரத்தம் சோதித்துப் பார்த்தோம். சீனி இல்லை என்றதும் உன் வாப்பா வழியில் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அவ்வளவு நிம்மதி. தண்ணீர் குடிப்பதெல்லாம் ஒரு வருத்தமா என்று விட்டுவிட்டோம். அதே வருடம் உன் களிசான் ஒன்றும் கட்டையாகவில்லை. வளர்கிற பிள்ளைக்கு உடுப்புக் கட்டையாகிக்கொண்டே வர வேண்டும். உனக்கு இளையவளான தங்கச்சி உன் தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, உன் உயரத்துக்கு வந்துவிட்டாள். "வாப்பாட பக்கம் எல்லாரும் கட்டைதானே" என்று நானே எல்லாருக்கும் பதில் சொன்னேன். தண்ணீரையும் உயரத்தையும் சேர்த்து யோசிக்க இன்றைக்கு எனக்குத் தெரியும். இப்போது யாராவது ஒரு தாய் தன் பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, சீனியும் இல்லை என்று சொன்னால், நான் அவளைப் பிடித்து உட்கார வைத்து, வளர்த்தி எப்படி, பார்வை எப்படி என்று கேட்கிறேன். அன்றைக்கு என்னை அப்படி உட்கார வைக்க ஆள் இருக்கவில்லை.

அந்த வருடம் நோன்பு வந்தபோது முழு நோன்பும் பிடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். "உனக்கு ஏலாது மகன், தண்ணியில்லாம நீ இரிக்கமாட்டாய்" என்றேன். "மத்தவங்களுக்கு ஏலுமெண்டா எனக்கும் ஏலும்" என்றாய். முதல் நாள் பகல் குழாயடியில் நீ வாய் கொப்பளித்ததைக் கண்டு, உன்னோடு ஓதுகிற பொடியன்கள் "களவு நோன்பு, களவு நோன்பு" என்று கூப்பிட்டார்களாம். அடுத்த நாள் நீ குழாயடிப் பக்கமே போகவில்லை. பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து சுருண்டு படுத்தாய். பின்னேரம் அசர் தொழுகைக்கு எழுப்பினேன். கண்ணைத் திறந்தாய், ஆனால் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. நாக்கு ஓடுபோலக் காய்ந்திருந்தது. உடம்பு கொதித்தது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது, நீ படுத்திருந்த பாய் நனைந்து கிடந்ததுதான். விடிய முன்னம் சாப்பிட்ட சஹருக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாத பிள்ளையிடமிருந்து இவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது? அடுப்பில் இருந்த நோன்புக் கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு, உன்னை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்கு ஓடினோம்.

அங்கே ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். மெலிந்த பிள்ளை, எங்களைவிடக் களைத்துப்போய் நின்றார். உன் மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்ப இருந்து இப்பிடித் தண்ணி குடிக்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். "வளத்தி?" அதையும் சொன்னேன். "உடம்பு காஞ்சா மூத்திரம் மஞ்சளாக் கடுமையா வரணும். இவருக்குப் பச்சத் தண்ணியாப் போகுது. தண்ணியப் புடிச்சு வை எண்டு கிட்னிக்குச் சொல்ற கட்டளை தலைக்குள்ள இருந்து வாறது. இவருக்கு அது வரல்ல. ஏன் வரல்ல எண்டு பாக்கணும்." தண்ணீரை ஒரேயடியாக ஏற்றினால் மூளை வீங்கும் என்று சொல்லி, சேலைனை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். உனக்குத் தெளிந்த பிறகு அவர் உன் முகத்துக்கு முன்னால் விரலைப் பிடித்து எத்தனை என்று கேட்டார். நேரே பிடித்தால் சரியாகச் சொன்னாய். பக்கத்துக்குக் கொண்டுபோனதும், "விரல் எங்க டொக்டர்?" என்று நீ திருப்பிக் கேட்டாய். இரண்டு பக்கமும் அப்படித்தான். கொஞ்சக் காலமாக நீ கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொண்டு திரிந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

தலையை ஸ்கேன் பண்ணினார்கள், பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். மூளைக்கு அடியில், உடம்பு முழுவதையும் ஆட்டி வைக்கிற சின்னச் சுரப்பியின் காம்பில் ஒரு கட்டி. நடு மூளைக்குப் பின்னால் இன்னொன்று. புற்றுநோய் ஆஸ்பத்திரி டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, மலையகத்துத் தாதி ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார். மிஸ் என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிட்டோம். அவருடைய பேரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. "ரத்தத்துலயும் முதுகுத் தண்ணியிலயும் ஒரு சோதனை செய்யணும்மா. கர்ப்பமான்னு பாக்குறதுக்குச் செய்வாங்களே, அதே சோதனைதான்" என்றார். "இது ஆம்புளப் புள்ள மிஸ்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் முதல்முறையாக நானும் சிரித்தேன், சிரிப்பு முடிவதற்குள் அழுதேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். பிள்ளை வயிற்றுக்குள் உருவாகிறபோது, பின்னால் விந்தாகவோ முட்டையாகவோ மாற வேண்டிய அணுக்கள் உடம்புக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகுமாம். அதில் சிலது வழிதவறி மூளையில் தங்கிவிடுமாம். "நிறையப் பேருக்கு அது சும்மாவே அழிஞ்சிரும். சில புள்ளைங்களுக்கு மட்டும், வளர்ற வயசு வரும்போது அது முழிச்சிக்கும். நீங்க சாப்பிட்டதுனாலயும் இல்ல, செஞ்சதுனாலயும் இல்ல" என்றார். அந்தக் கடைசி வசனத்துக்காக இன்றைக்கும் அவருக்குத் துஆச் செய்கிறேன். ஏனென்றால் ஊரில் எனக்குக் கண்ணூறு, செய்வினை, நீ வயிற்றில் இருக்கும்போது நான் மையத்துப் பார்க்கப் போன சாவு வீடு என்று காரணங்கள் சொல்லித் தந்திருந்தார்கள்.

நெற்றிக்கு மேலே சிறு துவாரம் போட்டு, கமரா வைத்த குழாயை விட்டு, கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். தலைமுடிக்குள் உன் விரல் இப்போதும் தடவிப் பார்க்கிற தழும்பு அதுதான். அந்தத் துணுக்கின் முடிவு வந்த அன்று மிஸ் ஆஸ்பத்திரி வாட்டு வாசலிலிருந்தே தலையாட்டிக்கொண்டு வந்தார். "கரையுற வகைம்மா." இதில் பொல்லாத வகைகளும் உண்டு. உன்னுடையது மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் பணிகிற வகை. கரையுற வகை, கரையுற வகை என்று நான் உன் வாப்பாவிடம் போனில் சொன்னேன், தஸ்பீஹ் மணியை உருட்டுகிற மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரைகிறதற்கு என்ன விலை என்று அப்போது யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

மருந்து ஏற்றுகிற காலத்தில் உன் உடம்புக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். உன் உடம்போ தண்ணீரை நிறுத்தி வைக்காது. அதற்குக் கொடுக்கிற மருந்து கொஞ்சம் கூடினால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, உப்புக் குறைந்து, வலிப்பு வந்துவிடும். அதனால் நீ குடித்ததையும் கழித்ததையும் அளந்து சொல்வது என் வேலை. வாட்டில் மற்றத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். நான் கையில் அளவுக் குவளையோடு நின்றேன். நீ வாந்தி எடுத்தால் அதையும் அளக்க வேண்டும். தலைமுடி கொட்டியபோது நீ அழவில்லை, "அளந்து பாருங்க உம்மா" என்று ஒரு பிடி முடியை என் கையில் தந்தாய். இது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் உன்னைப்போல ஒரு பகிடிக்காரனை அல்லாஹ் எனக்குத் தந்தானே என்று இருக்கிறது.

கதிர் பிடிக்க முகத்துக்கு ஒரு வலை மூடி செய்தார்கள். சுடுநீரில் இளகும் பிளாஸ்டிக்கை முகத்தின்மேல் அழுத்தி, அது இறுகும் வரைக்கும் ஆடாமல் கிடக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும் அந்த மூடியோடு உன் தலையைக் கட்டிலில் பூட்டிவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். முதல் நாள் நீ பயந்து உதறினாய். அங்கே வேலை செய்கிற பொடியன் என்னைக் கூப்பிட்டு, ஒலிவாங்கியைக் காட்டிக் கதைக்கச் சொன்னான். என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஓதலாம் என்றால், மனப்பாடமாக இருந்ததெல்லாம் அந்த நேரம் வாயில் வரவில்லை. ஏறாவூரில் கொழும்பு பஸ் ஏறினால் என்னென்ன ஊர் வரும் என்று சொல்லத் தொடங்கினேன். வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி, புணானை, வெலிக்கந்தை. பொலன்னறுவை வருவதற்குள் கதிர் முடிந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு நாளும் நீயே, "உம்மா, பஸ்ஸ எடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாய்.

கட்டி கரைந்தது. கடைசி ஸ்கேனைப் பார்த்து டொக்டர் ஒன்றும் இல்லை என்றார். ஊரில் கந்தூரிச் சாப்பாடு கொடுத்தோம். ஆனால் அது உட்கார்ந்திருந்த சுரப்பி திரும்பி வரவில்லை மகன். தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு மருந்து, உடம்பு உசாராக இருக்க ஒன்று, கழுத்துச் சுரப்பிக்கு ஒன்று, நீ ஆம்பிளையாக வளரவே ஒரு ஊசி. உன்னோடு படித்தவர்களுக்கு மீசை வந்து, குரல் உடைந்து, அவர்கள் உன்னைத் தம்பி என்று கூப்பிடுகிற காலத்தில் நீ பிள்ளை முகத்தோடு நின்றாய். படித்தது தலையில் நிற்கவில்லை. ஒரு தரம் சொன்னால் மற்றவன் பிடித்துக்கொள்வதை நீ மெதுவாகத்தான் பிடிப்பாய். ஆனால் பிடித்ததை விடமாட்டாய். அதனால்தான் இன்றைக்கு ஏறாவூர் பசாரில் உன் போன் திருத்தும் கடைக்கு ஆள் வருகிறது. பக்கப் பார்வை திரும்பாததால் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது என்றார்கள். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் இல்லாத இளந்தாரி நீ ஒருவன்தான். நீ அதைப் பற்றி ஒரு நாளும் முறையிடவில்லை. நடந்தாய்.

நான்தான் நிறுத்தவில்லை. வருத்தம் போன பிறகும் குவளையைக் கீழே வைக்கவில்லை. மீசை வைத்த ஆளிடம், "மூத்திரம் போனியா, என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். உன் கூட்டாளிமாருக்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். பயம் பழகிப்போனால் அது பாசம்போலவே இருக்கும், வித்தியாசம் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

போன நோன்பைப் பற்றி எழுதாமல் விடமாட்டேன். உனக்கு றிஸ்னாவைப் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளையாகப் போகிறவன் பகலில் ஒளித்து மாத்திரை விழுங்குவதா என்று உனக்கு வந்த ரோசம் எனக்குப் புரியாமல் இல்லை. நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று மௌலவி உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படியும் எங்களுக்குச் சொல்லாமல் பிடித்தாய். பகல் மாத்திரையை விட்டாய். காய்ச்சல் வந்தது, காய்ச்சலுக்குக் கூட்டி எடுக்க வேண்டிய உசார் மருந்தை எடுக்கவே இல்லை. பக்கத்துக் கடைக்காரன் போன் பண்ணி, "மகன் விழுந்து கிடக்கிறார், வேர்த்துக் கொட்டுது" என்றபோது, நீ இப்படி விழுந்தால் உடனே போட டொக்டர்மார் தந்திருந்த ஊசிப் பையை நான் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். பசார் சனம் சுற்றி நிற்க, உன் களிசானை இறக்கித் தொடையில் ஊசி போட்டேன். நீ ஆஸ்பத்திரியில் கண் திறந்து முதலில் சொன்னது, "சனத்துக்கு முன்னால ஏன் உம்மா?" என்பதுதான். அந்த ஊசியை அந்த நேரம் போட்டிருக்காவிட்டால் நீ அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாய். அதை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான், பெண் வீட்டுக்கு இதையெல்லாம் சொல்லாமல் கலியாணம் செய்யக் கூடாது என்று நான் நின்றேன். "முடிஞ்ச புறகு மெல்லச் சொல்லுவம்" என்றார் உன் வாப்பா. நீ எழும்பிக் கடைக்குப் போனாய். ஒளித்து ஒளித்தே எனக்குக் களைத்துவிட்டது. ஒருநாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போனேன். வாசலில் றிஸ்னா ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு, கேற்றுக்கு வெளியே வந்தாள்.

"மாமி, நீங்க எதச் சொல்ல வந்தீங்க எண்டு எனக்குத் தெரியும்."

"என்ன புள்ள தெரியும்?"

"எல்லாம் தெரியும். தண்ணி, மாத்திர, ஊசி, கண். புள்ள கிடைக்கிறது நிச்சயமில்ல எண்டதும் தெரியும். மொதல் தரம் போன் கதைச்ச அண்டே சொல்லிட்டார்."

"மறுகா ஏன் புள்ள ஓம் எண்ட?"

"உடன சொல்லல்ல மாமி. கன நாள் அழுதன். மறுகாதான் சொன்னன்." கேற்றை மெல்லச் சாத்தினாள். "எங்கட உம்மாக்கு இன்னம் தெரியா. நானே சொல்றன். உங்கட வாயால கேட்டா, நம்மள ஏமாத்தப் பாத்தாங்க எண்டு நினைப்பா. என்ட வாயால கேட்டா ஏசுவா. ஏசினா ஏசட்டும்."

அப்படியே திரும்பி வந்தேன். வழி முழுக்க எனக்குச் சந்தோசமா துக்கமா என்று தெரியவில்லை. நான் தூக்கிக்கொண்டு போன மூட்டையை இறக்கி வைக்க அங்கே இடமே இருக்கவில்லை, நீ முன்னமே இறக்கியிருந்தாய். வீட்டுக்கு வந்தால் நீ கோபத்தில் நின்றாய். "என்னப் பத்தி இனி ஒருத்தரிட்டயும் கதைக்காதீங்க உம்மா" என்றாய். உன் கோபம் சரிதான். எனக்கு ஏசத் தெம்பில்லாததால் அப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

பிறகு உன் மாமி, றிஸ்னாவின் உம்மா, வந்தார். இந்த வீட்டு முன்னறையில் நடந்ததை நீ மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, உன்னிடமே கேட்டார். "தம்பி, எங்கட புள்ளைய ஒரு நோயாளிக்குக் காவல் வெக்கவா கேக்கிறீங்க?" நான் வாயைத் திறக்க முன்னம் நீ சொன்னாய், "காவல் வேணாம் மாமி. என்ட மருந்து எனக்குத் தெரியும். நான் விழுந்து கிடந்தா ஒரு ஊசி போட மட்டும் அவ பழகினாப் போதும்." "போன நோன்புல மறைச்சுப் புடிச்சீங்களாமே?" "ஓம், புடிச்சன். அது பிழை. இனிப் புடிக்கமாட்டன். உங்கட வீட்டில எல்லாருக்கும் முன்னாலயும் பகல்ல தண்ணி குடிப்பன். அது உங்களுக்கு ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க." அவர் அழுதார். "நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ற?" என்றார். "மருமகனுக்கு வருத்தம் எண்டு சொல்லுங்க. உண்மைதானே" என்றாய். டொக்டரின் வாயால் தானும் கேட்க வேண்டும் என்று சொல்லி எழும்பினார். அந்தப் பேச்சில் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வேண்டிய ஒன்றும் மீதி இருக்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். சொல்ல இருப்பது கொஞ்சம்தான். காய்ச்சல் என்றால் மருந்தைக் கூட்டு, வாந்தி என்றால் ஊசி, ஊசி போட்டதும் ஆஸ்பத்திரி. இதில் வெட்கம் பார்க்காதே. கடையில் சனம் நின்றாலும் பார்க்காதே. தாகம் இல்லாத நேரம் பழக்கத்துக்குத் தண்ணீர் குடிக்காதே. ஸ்கேனுக்கு வரச் சொன்ன மாதத்தைத் தள்ளிப் போடாதே, எத்தனை வருடம் போனாலும். றிஸ்னாவை உனக்கு இரண்டாவது உம்மாவாக்கிவிடாதே. அவள் கேட்டால் மட்டும் சொல், கேட்காத நாளில் அவளை அவள்பாட்டில் இருக்க விடு. பிள்ளை கிடைத்தால் அல்லாஹ்வின் கொடை. கிடைக்காவிட்டால் அதற்காக நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாவமாகப் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். பாவம் பார்த்துப் பார்த்தே நான் உன்னைப் பாதி ஆளாக வைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. உன் மாமி டொக்டரிடம் கேட்க வேண்டும் என்று கிளினிக்குக்கு நாங்கள் நாலு பேரும் போனோமே, அன்றைக்கு நடந்தது. உன் பேரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் நானும் எழும்பினேன். "எல்லாரும் வந்தா உள்ளுக்கு இடமில்ல" என்றான் வாசலில் நின்றவன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நீங்க போங்க" என்று உன் மாமியை முன்னால் விட்டேன். றிஸ்னாவும் மாமியும் உன்னோடு உள்ளே போனார்கள், கதவு சாத்தியது. எத்தனை வருடமாக அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருந்திருக்கிறேன்; வெளிப்பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் உட்கார்ந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் மகளை மடியில் படுக்க வைத்துக்கொண்டு இருந்தாள். மாங்கேணிப் பக்கமாம். என் கையில் மருந்துப் பை இருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள்.

யார் கேட்டாலும் நான் உன் கதையைத்தான் தொடங்குவேன். அன்றைக்கும் வாய் வரைக்கும் வந்தது. பிறகு பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தேன். "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல புள்ள. மகனோட வந்தன்" என்றேன்.

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியாது. "உம்மா, எழும்புங்க, போவம்" என்று நீ தோளைத் தொட்டபோதுதான் விழித்தேன். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பஸ் நிலையம்வரைக்கும் நீயாகவே சொல்லிக்கொண்டு வந்தாய்.

உம்மா